பிளாட்பாரம் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்: ரங்கூன் டவுன் தெருக்கள்

கொன்செடான்_வடக்கு | பிப்ரவரி 3, இரவு 9.10

எங்கள் தெருப் பக்கம் பிளாட்பாரத்தைப் புதுப்பிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வண்ண டைல்ஸ், பூத்தொட்டி, உட்கார பெஞ்சு என்று டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா காளி கோயிலுக்குப் போய்விட்டு அனோரத்தா ரோடு வழியாக எங்கள் வாசல் வரை வந்துவிட்டார். அரை மணி நேர மழைதான், கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி ஒன்று இல்லை. கேபிள் வேலைக்கு வந்த யாரோ திறந்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். அம்மாவின் வலது கால் தொடை வரை சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. 71 வயது. ஏழு மாதம் ஆகிறது, இன்னும் மூன்று மாடி இறங்க முடியவில்லை. பால்கனியில் உட்கார்ந்து கயிற்றில் பையை இறக்கித்தான் காய் வாங்குகிறார்.

அந்த ஏழு மாதமாக நான் டவுனில் தலையைக் குனிந்துகொண்டே நடக்கிறேன். அப்படி நடந்து பார்த்ததில் தெரிந்தது இதுதான்: நம் ஊரில் பிளாட்பாரம் என்று தனியாக ஒன்று இல்லை. சாக்கடையின் மூடி மேல்தான் நாம் நடக்கிறோம். மூடி சரியாக இருந்தால் பிளாட்பாரம் சரி. கீழே அடைத்துக்கொண்டால் மேலே எவ்வளவு அழகாகப் போட்டாலும் ஒரு மழைக்காலம்தான்.

டைல்ஸைச் சிமெண்டு வைத்துப் பதித்துவிட்டால் பிறகு கீழே தூர் வாருவது எப்படி? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வார்டு ஆபீஸில் பேசப் போகும்போது வெறும் புகாராக இல்லாமல், இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லும்படியாக ஏதாவது கையில் வேண்டும்.

---

பழைய_மேஸ்திரி | பிப்ரவரி 4, காலை 6.25

தம்பி, அம்மா சீக்கிரம் குணமாக வேண்டும். முதலில் அது.

நான் 31 வருடம் சாக்கடை, கால்வாய் வேலைதான் பார்த்தேன். கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாக முடித்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்த டவுன் சதுப்பு நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1852 யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் வந்தபோது சூலே பகோடாவைச் சுற்றி ஓடையும் சேறும்தான். மாண்ட்கோமரி என்ற டாக்டர் முதலில் ஒரு படம் போட்டார், பிரேசர் என்ற ராணுவ எஞ்சினியர் அதை முழுத் திட்டமாக வரைந்தார். சூலேயை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெருக்கள். பெரிய ரோடுகளுக்கு நடுவே வடக்குத் தெற்காக 50 அடித் தெரு, 30 அடித் தெரு. மண் கொட்டி மேடாக்கித்தான் இவ்வளவும். ஆனாலும் ஊர் தட்டை. கடல் ஏற்றத்தால் ஆற்றில் நிறை தண்ணீர் ஏறும்போது நம் சாக்கடை வாய்க்கும் ஆற்று மட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் மதகை அடைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கனமழை பிடித்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை. ஏற்றம் வடியும் வரை தெருவில்தான் நிற்கும். இதை எந்த டைல்ஸும் மாற்றாது.

ஊர் தட்டையாக இருந்ததால்தான் கழிவுக்கு வேறு வழி பார்த்தார்கள். 1888 வாக்கில் காற்றழுத்தத்தால் தள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓர் இடத்தில் காற்றை அழுத்தி, குழாய் வழியாக அனுப்பி, அங்கங்கே தொட்டியில் சேரும் கழிவை இரும்புக் குழாயில் தள்ளிவிடுவது. அந்தக் காலத்து ஜனத்தொகைக்குக் கட்டியது. இப்போது ஆறு மாடி, எட்டு மாடி. புதுக் கட்டடங்களில் செப்டிக் டேங்க். அதிலிருந்து வழிவது எங்கே போகும்? மழைநீர்ச் சாக்கடைக்குத்தான். அம்மாவின் கால் இறங்கியது அந்தத் தண்ணீரில். காயத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது மூடி விஷயம். பழைய செங்கல் சாக்கடையைத் திறந்தால் அடிப்பகுதி வளைவாக, தோணி மாதிரி இருக்கும். கோடையில் கொஞ்சம் தண்ணீர்தான் ஓடும். வளைவு என்றால் அந்தக் கொஞ்சமும் நடுவில் சேர்ந்து வேகமாக ஓடும், மண்ணை இழுத்துக்கொண்டு போகும். பின்னால் வந்த காங்கிரீட் சாக்கடை பலவற்றில் அடி தட்டை. பலகை அடித்து ஊற்றுவது சுலபம், அதனால் அப்படி. தட்டையில் தண்ணீர் பரவி மெதுவாகப் போகும், மண் படியும், டீத்தூள் படியும், பிளாஸ்டிக் பை வந்து மாட்டும். அப்புறம் அதன் மேல் ஓட்டல் எண்ணெய் வந்து இறுகும். அதைக் கடப்பாரையால்தான் பெயர்க்க வேண்டும்.

தூர் வார வேண்டிய மாதம் பிப்ரவரி, மார்ச். ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் முடித்துவிட வேண்டும். மே பாதியில் மழை தொடங்கிவிடும். வாரிய சேற்றைச் சாக்கடை ஓரமே குவித்து நாலு நாள் காய வைப்பார்கள். இதை நான் வேலையில் இருந்தபோதே சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஒரு மழை போதும், பாதிச் சேறு திரும்ப உள்ளே போய்விடும். வாரிய அன்றே மூட்டை கட்டி ஏற்ற வேண்டும்.

மூடி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இரண்டு ஆள் தூக்கும்படி இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு இரண்டரை அடி, 3 அங்குலக் கனம், உள்ளே கம்பி. நம் பர்மா வீசைக் கணக்கில் 40 வீசை வரும், அதாவது 64, 65 கிலோ. இரண்டு முனையிலும் உள்வாங்கிய இரும்பு வளையம். நாலு மூடிக்கு ஒன்று கம்பி வலை. அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டக் கூடாது. அழகு வேண்டும் என்றால் மூடியின் மேல் முகத்திலேயே வரி போட்டு வார்க்கலாம், மழையில் வழுக்காது.

---

காய்க்கடை_மகள் | பிப்ரவரி 4, மதியம் 1.40

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு 26ஆம் தெருவில் எங்கள் கடைக்கு முன்னால் உள்ள மூடிகளைப் போய்ப் பார்த்தேன். பதினொன்றில் மூன்று உடைசல். ஒன்றின் மேல் கதவுப் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. தெருவைப் புதுப்பிப்பது என்ற பேச்சு எப்போது வந்தாலும் முதலில் எங்களைத்தான் நகர்த்துகிறார்கள். 2016 நவம்பரில் டவுன் நடைபாதைக் கடைகளை ஸ்ட்ராண்ட் ரோட்டு இரவுச் சந்தைக்கு மாற்றினார்களே, அப்போது அம்மா அனோரத்தா ரோட்டில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வாடிக்கைக்காரர்கள் வேலை முடிந்து பஸ் பிடிக்கப் போகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள். ஆற்றோரத்துக்கு முருங்கைக்காய் வாங்க யார் நடந்து வருவார்கள்? உலாவ வருகிற இளைஞர்கள் வந்தார்கள், அவர்களுக்கு வேண்டியது வறுவலும் ஜூஸும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சிலர் அங்கே பிழைத்துக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். அம்மாவால் முடியவில்லை. இரண்டு மாதத்தில் நகையை வைத்துக் கடன் வாங்கினோம். பிறகு இங்கே 26ஆம் தெருக் காலைச் சந்தையில் ஒரு உறவுக்காரர் பாதி இடம் கொடுத்தார்.

கடைக்காரர்கள் குப்பையைச் சாக்கடையில் தள்ளுகிறார்கள் என்பீர்கள். சிலர் தள்ளுகிறார்கள், நான் மறுக்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் செதிலும் போகிறது. ஆனால் அதிகாலை 4 மணிக்குத் தெருவில் இருப்பவர்களும் நாங்கள்தான். மூடி காணாமல் போனால் முதலில் பார்ப்பது நாங்கள், அதில் குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைப்பதும் நாங்கள். கொன்செடான் அண்ணே, உங்கள் அம்மா விழுந்த இடத்தில் முன்பு பூக்கடை ஒன்று இருந்தது. அது இருந்திருந்தால் அன்றைக்கு யாராவது கத்தியிருப்பார்கள்.

அதனால் வார்டு ஆபீஸில் பேசும்போது எங்களையும் கூப்பிடுங்கள். ஒரு கடைக்கு ஆறு மூடி என்று பொறுப்புக் கொடுத்தால் பார்த்துக்கொள்வோம். கடையை எடுக்கச் சொன்னால் அந்த ஆறு மூடிக்கும் நாதி இல்லை.

---

வியாசர்பாடி_ரங்கூன் | பிப்ரவரி 5, இரவு 8.02

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது எனக்கு 9 வயது. இந்த இழையைப் பார்த்ததும் மனம் எங்கேயோ போய்விட்டது.

நீங்கள் அனோரத்தா ரோடு என்பது எனக்குப் பிரேசர் தெரு. மகாபந்துலா ரோடு, டல்ஹௌசி தெரு. ஷ்வேபோந்தா தெரு மொகல் தெரு, வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம். காளி கோயில் 1871இல் நம் ஆட்கள் கட்டியது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் சொல்லி நான் கேட்டது, காலையில் தெருவைத் தண்ணீர் அடித்துக் கழுவி விடுவார்கள், வெறுங்காலோடு நடக்கலாம் என்பது. தெருவின் இரண்டு பக்கமும் நடக்க இடம், வெயில் படாமல் கட்டட நிழல். உட்கார வேண்டும் என்றால் சுதந்திரத் தூண் இருக்கும் பூங்கா. என் ஞாபகத்தில் அங்கே புல் தரையில் படுத்து சூலே பகோடாவின் தங்க முனையைப் பார்த்திருக்கிறேன்.

பழைய படங்களைத் தேடி எடுத்து, தெரு அப்போது இருந்தபடியே மறுபடி செய்ய முடியாதா? விளக்குக் கம்பம், கல் விளிம்பு, எல்லாம் அப்படியே. உதவி என்றால் இங்கே வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறோம்.

---

பின்சந்து | பிப்ரவரி 5, இரவு 11.30

> காலையில் தெருவைத் தண்ணீர் அடித்துக் கழுவி விடுவார்கள், வெறுங்காலோடு நடக்கலாம்

ஐயா, உங்கள் ஞாபகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தெருவை யார் கழுவினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நம் வீடுகளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் ஒரு சந்து ஓடுகிறதே, அது காற்றுக்காக மட்டும் விட்ட இடம் இல்லை. கக்கூஸ் வாளியை எடுக்க ஆட்கள் வந்து போவதற்கு விட்ட வழி. முன் தெருவில் அவர்கள் கண்ணில் படக் கூடாது. அந்த வேலையைச் செய்தவர்கள் தெலுங்குக்காரர்களும் நம் தமிழ் ஆட்களும். என் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். முன் தெரு பளபளப்பாக இருந்ததற்குப் பின் சந்து விலை கொடுத்தது. அப்போது இருந்தபடியே செய்வது என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

வாளி போன பிறகு சந்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து குப்பையை நேராகக் கீழே போடுவது பழக்கமாகிவிட்டது. எங்கள் சந்தில் முழங்கால் உயரம் இருந்தது, எலி பூனை அளவுக்கு. 2017க்குப் பிறகு டோ எய்ன் என்ற குழு டவுனில் சில சந்துகளைச் சுத்தம் செய்து, சுவரில் படம் வரைந்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாட இடம் செய்தது. நம்ம வீடு என்று அர்த்தம் வரும் பெயர். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் சந்தில் 14 வீட்டார் சேர்ந்து தொடங்கினோம்.

எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குப்பையை அள்ளியது மூன்று நாள் வேலை. அதைவிடப் பெரிய பாடு மேலே இருந்து வரும் குழாய். ஆறு மாடிக் கழிவுக் குழாய்களும் பின் சுவரில்தான் இறங்குகின்றன. நாலு இடத்தில் விரிசல், எந்நேரமும் சொட்டும். ஆறாம் மாடிக்காரருக்கு அது தெரியாது, அவர் வீட்டில் நாறுவதில்லை. தரைத்தளத்துக்காரர் கதவைத் திறக்க முடியாது. யார் பணம் போடுவது? ஐந்து மாதம் பேசினோம். கடைசியில் ஒவ்வொரு மாடிக்காரரையும் சந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அவரவர் குழாயைக் கையைக் காட்டிச் சொன்ன பிறகுதான் பணம் வந்தது. ஒருவர் மட்டும் கடைசி வரை தரவில்லை, மற்றவர்கள் பங்கிட்டோம்.

இப்போது சாயங்காலம் சந்தில் பாட்டிகள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். சுவரில் வரைந்த படம் மழையில் போய்விட்டது, அதனால் ஒன்றும் குறையவில்லை. குழாய் சொட்டாமல் இருக்கிறது, அதுதான் எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றுகிறது. மேஸ்திரி ஐயா சொல்வதும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன்.

---

தாம்வே | பிப்ரவரி 6, காலை 7.15

எல்லாம் சரி. டவுன் மட்டும்தான் ஊரா? எங்கள் தாம்வே பக்கம் மூடியும் இல்லை, சாக்கடையும் பாதி தூரம்தான். கட்டடப் பாரம்பரியம், சுற்றுலா என்று எல்லாரும் சூலேயைச் சுற்றியே பேசுகிறார்கள்.

---

கொன்செடான்_வடக்கு | பிப்ரவரி 6, இரவு 10.20

தாம்வே அண்ணே, நீங்கள் கேட்பது நியாயம். எனக்குத் தெரிந்த தெருவைப் பற்றி எழுதினேன், அவ்வளவுதான். மேஸ்திரி ஐயாவின் மூடி அளவு உங்கள் பக்கமும் உதவும்.

வியாசர்பாடி ஐயா, விளக்குக் கம்பத்தை நான் எதிர்க்கவில்லை. 2012இல் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஓர் அறக்கட்டளை தொடங்கி, நீலப் பலகை வைத்து, நல்ல வேலை செய்தார்கள். அந்தப் பலகைகளை நின்று படிப்பவன் நான். ஆனால் நின்று படிக்கக் காலடியில் இடம் வேண்டுமே. சென்னையில் ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் வாக்கில் மழை என்றால் இங்கே 2700. அதில் பெரும்பகுதி மே பாதியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. அப்புறம், நம் ஊரில் மேலே தெரிகிற வேலைக்குத்தான் ரிப்பன் வெட்டுவார்கள். 2016 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் ட்ராம் விட்டார்கள், ஜூலையில் நின்றுவிட்டது. தூர் வாரியதற்கு விழா எடுத்து நான் பார்த்ததில்லை.

பின்சந்து தங்கச்சி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொள்ளுத்தாத்தா பற்றிய வரியை மறுபடி படிக்கச் சொன்னார். எங்கள் வீட்டிலும் ஒருவர் அந்த வேலையில் இருந்தார் என்று இன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். 44 வயதில் தெரிந்துகொள்கிறேன்.

மேஸ்திரி ஐயாவிடம் ஒரு கேள்வி. மூடி ஏன் இவ்வளவு உடைகிறது? மனிதர் நடந்து உடையாதே.

---

பழைய_மேஸ்திரி | பிப்ரவரி 7, காலை 6.10

கார், தம்பி. 2011க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்ததும் காரை எங்கே நிறுத்துவது என்று ஆகிவிட்டது. 30 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார், நடுவில் ஒரு கார். இடம் போதாமல் ஒரு பக்கச் சக்கரத்தை மூடி மேல் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று அங்குல மூடி ஆளுக்காக வார்த்தது. சக்கரம் ஏறினால் அடியில் மயிர்க்கோடு விழும், மேலே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு கிழவி கால் வைக்கும்போது போகும்.

இப்போது ஜெனரேட்டர் வேறு. மின்வெட்டு இருக்கிறது, கடைக்காரர் என்ன செய்வார், வைக்கத்தான் வேண்டும். ஆனால் மூடியின் நடுவில் வைத்தால் அதிர்வில் விளிம்பு பொடிந்துவிடும். இரண்டு மூடி சேரும் இடத்திலும் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, சாக்கடைச் சுவர் கீழே வரும் இடம் பார்த்து, மரக்கட்டை கொடுத்து வையுங்கள். டீசல் சிந்தினால் மணல் போட்டு வாருங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.

கார் ஏறாமல் இருக்க ஓரக்கல்லை ஒரு சாண் உயர்த்தினால் போதும். ஆனால் கோயில் வாசலில், வீட்டு வாசலில் சரிவு விட வேண்டும். உங்கள் அம்மா சக்கர நாற்காலியில் வந்தாலும் ஏறி இறங்க வேண்டும், இல்லையா?

---

காய்க்கடை_மகள் | பிப்ரவரி 7, பகல் 12.05

சரிவு வேண்டும். எங்கள் தள்ளுவண்டியும் அதில்தான் ஏறும். அந்த ஒரு சரிவுக்காகவே நான் கையெழுத்துப் போடுவேன்.

---

கொன்செடான்_வடக்கு | பிப்ரவரி 24, இரவு 8.45

இரண்டரை வாரமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வார்டு ஆபீஸில் பேசினோம். நான், காய்க்கடைத் தங்கச்சி, அவர் அம்மா, எங்கள் தெருவிலிருந்து நாலு பேர். டைல்ஸ் பற்றி முடிவாகச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வாசலுக்கு நேரே ஆறு மூடியைத் திறந்து தூர் வாரிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சேற்றை எடுத்துப் போக வண்டியும் வந்தது.

நேற்று ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்கினோம். இரண்டு மூடி சுலபமாக வந்தது. மற்ற நாலுக்கும் முன்பு யாரோ இடுக்கில் சிமெண்டு பூசியிருந்தார்கள், உளி வைத்து உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே பாதிக்கு மேல் சேறு. பிளாஸ்டிக் பை, தேங்காய் மூடி, ஒற்றைச் செருப்புகள், ஒரு பித்தளை விளக்கு. கேபிள் ஒன்று சாக்கடைக்குக் குறுக்கே தொங்கியது, குப்பை முழுக்க அதில்தான் மாட்டி அணையாக நின்றது. கேபிளைத் தூக்கிச் சுவரோரம் கட்டிவிட்டோம். 38 மூட்டை. எல்லாம் பகல் 1 மணிக்குள் வண்டியில் ஏறிவிட்டது, ஐயா சொன்ன மாதிரி ஒரு மூட்டை கூட இரவு தங்கவில்லை.

ஆறு மூடியில் மூன்றில் விரிசல். புதிதாக வார்க்கப் பலகை அடித்து வைத்திருக்கிறேன். அம்மா மேலே பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கயிற்றில் பிளாஸ்க்கை இறக்கி எல்லாருக்கும் டீ கொடுத்தார். அவர் கால் போன அந்த இடத்தை, காய்க்கடை அம்மா கையைக் காட்டி அளந்து சொன்னார், நாலடி ஆழம்.

---

பழைய_மேஸ்திரி | பிப்ரவரி 25, காலை 5.50

அடி வளைவா, தட்டையா?

---

கொன்செடான்_வடக்கு | பிப்ரவரி 25, காலை 7.30

வளைவு, ஐயா. செங்கல். சேற்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், நடுவிலேயே ஓடி மகாபந்துலா ரோட்டுப் பக்கம் போய்விட்டது. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு கல் பெயர்ந்திருக்கிறது.

---

பழைய_மேஸ்திரி | பிப்ரவரி 25, காலை 7.41

அதைச் சுண்ணாம்பு கலந்த சாந்தில் வையுங்கள், வெறும் சிமெண்டு வேண்டாம், பழைய செங்கலோடு ஒட்டாமல் வெடிக்கும். மூடி வார்க்கிற அன்று நான் வருகிறேன். வளையம் வாங்க வேண்டாம், என்னிடம் பழையது எட்டு இருக்கிறது.